இரண்டு விரற்கடை

முதல் புள்ளி விழுந்துவிட்டது. நேற்று விழுந்த இடத்தில் இல்லை, அதற்கு ஒரு எள் அளவு வலது பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது, இதைப் பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டாம், முப்பத்தோரு வருஷமாக இந்த மாதிரித் திரைகளுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கிறது. இந்த அளவீடு முடிய நாற்பது நிமிஷம் ஆகும், மேடம் பத்தரைக்கு வந்துவிடுவார்கள், வந்ததும் கேட்கப்போகும் முதல் கேள்வி, இருளப்பன் சார், என்ன காட்டுது. இரண்டாவது புள்ளி, மூன்றாவது புள்ளி, ஆரம்பத்தில் எல்லாம் சடசடவென்று விழும், போகப் போகத்தான் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் குழாய் உலை, எண்ணூற்றைம்பது டிகிரி, அதற்குள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பீங்கான் வில்லை, நூற்றெட்டு நாளாகச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஜிர்கோனியாப் பொடியில் கொஞ்சம் ஸ்காண்டியம் கலந்து மேடம் செய்த வில்லை. நன்றாகச் சூடேறினால் ஆக்ஸிஜன் அதற்குள் புகுந்து மறுபக்கம் போகும், போகிறபோது மின்சாரம் கிடைக்கும், அவ்வளவுதான் விஷயம். ஆக்ஸிஜன் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதுதான் கடத்துதிறன், அது குறையக் குறைய முதல் புள்ளி வலது பக்கம் நகரும். நகர்ந்திருக்கிறது. ஆயிரம் மணி நேரத்தில் நகர்ந்தது, ஆயிரத்து ஐந்நூறில் நகர்ந்தது, இரண்டாயிரத்தில் மேடம், பேஸ்ட் உரிஞ்சிருக்கும் சார், பிளாட்டினத்தை மறுபடி பூசிப் பாருங்க என்றார்கள், பூசினேன், வில்லையை வெளியே எடுத்து ஆற வைத்துப் பூசி மறுபடி சுட்டு வைத்தேன், ஒரு வாரம் ஒன்றும் இல்லை, பிறகு மறுபடி நகர்ந்தது. இன்றைக்கு இரண்டாயிரத்து அறுநூறு. முதல் நாளைவிட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் இன்னும் சொல்லக்கூடாது. பேஸ்ட் உரிந்திருந்தால் அது கடைசிப் புள்ளிகளில் தெரியும், புள்ளிகள் சேர்ந்து வரைகிற அந்தக் கடைசி மேடு வீங்கிப் பெரிசாகும், அப்படி வீங்கினால் வில்லை மேல் குற்றமில்லை, பூச்சு மேல்தான். அந்த மேடு வீங்க வேண்டும். இத்தனை வயசில் ஒரு மனுஷன் எதற்கு ஆசைப்படுகிறான் பார், ஒரு பூச்சு உரிந்திருக்க வேண்டும் என்று.

மழை விட்டபாடில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே இருக்கிறது, உள்ளே உலைச் சூட்டில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, ஒரே அறையில் இரண்டு சீதோஷ்ணம். மேடம் பெயர் சுகந்தி, டாக்டர் சுகந்தி, என்னைவிடப் பதினாறு வயசு சின்னவர், ஆனால் ஒரு நாளும் என்னைப் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நல்லவர். நல்லவர் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, முன்னால் இருந்த ஆள் மாதிரி எரிந்து விழுகிறவராக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, அப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். போன வருஷம் செமினார் ஹாலில் மேடம் பேசினார்கள், நான் கடைசி வரிசையில் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன், கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் முன் வரிசையில். எங்க வில்லை ஆரம்பத்துல மத்தவங்களோடதைவிடக் கொஞ்சம் குறைவாத்தான் கடத்துது, ஆனா அசையாம அப்படியே நிக்குது, ஐந்நூறு மணி நேரத்துல ஒரு சதவீதம்கூட இறங்கலை, மத்தவங்களோடது எல்லாம் இறங்கிடுது, ஏன்னா என்று ஆரம்பித்து, அந்த ஏன்னாவுக்கு அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார்கள். அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, எந்த ஆக்ஸிஜனுக்கு எந்த இடத்தில் பூட்டு விழுகிறது, அதனால் முதலில் குறைவு, அதனாலேயே பிறகு நிலைத்தன்மை. அழகாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அந்தக் குறைவுக்கு எனக்கு வேறொரு காரணம் தெரியும், அதற்கு அணுவும் வேண்டாம் பூட்டும் வேண்டாம்.

அந்த ராடு. அதை நினைக்கக் கூடாது என்று உட்கார்ந்தால் அதுதான் வருகிறது. வில்லையை உலைக்குள் நீட்டிப் பிடிக்கிற பீங்கான் ராடு, ஒரு முழம் நீளம், அது குழாய் வாயில் எங்கே நிற்க வேண்டும் என்று நானே கறுப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தேன். கோடு வாயோடு ஒட்டியிருந்தால் வில்லை உலையின் நடு மையத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்நூறு மணி நேரம் முடிந்து, உலை ஆறி, மூடியைத் திறக்கிறேன், கோடு இரண்டு விரற்கடை வெளியே நிற்கிறது. ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், சரியாக இரண்டு. அப்போது அறையில் யாருமில்லை. திறக்கும்போது என் கை பட்டு நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படி நினைக்க முடிகிறது, மூடியைப் பிடித்து இழுக்கும்போது முழங்கை ராடில் பட்டிருக்கலாம், பட்ட மாதிரியும் இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்கிற திருகை முடுக்கினேனா. முடுக்கினேன். ஸ்பேனர் கையில் இருந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, வலது கையில் ஸ்பேனர், அப்போது போன் அடித்தது, என் மனைவி காளீஸ்வரி, பக்கத்து வீட்டு மாமி மாடிப்படியில் விழுந்துட்டாங்க, ஆட்டோ கிடைக்கலை, உங்க வண்டியை எடுத்துட்டு வாங்க என்றாள், நான் ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். வைத்தது முடுக்கிய பிறகா, முன்னாலா. மேஜையில் ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்கிறது, அதற்கு முந்தின நிமிஷம் மட்டும் வருவதில்லை. எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தில் வழுக்கிவிடுகிறது. முடுக்காமல் விட்டிருந்தால் ஒயர்களின் பாரத்தில் ராடு முதல் அளவு எடுக்கும் முன்பே, உலை சூடேறும்போதே வெளியே வழுக்கி வந்திருக்கும், யாரும் குனிந்து பார்க்கவில்லை, திரையில் எண்ணூற்றைம்பது என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் வெப்பத்தை அளக்கிற கம்பி நடுவில் இருக்கிறது, வில்லைதான் அங்கே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து இன்னொரு கம்பியை உள்ளே விட்டு அந்த இரண்டு விரற்கடையில் என்ன சூடு என்று பார்த்தேன். எழுபத்தெட்டு டிகிரி குறைவு. அந்தச் சூட்டில் எந்த வில்லையும் இறங்காது. சும்மா இருக்கிற சூடு அது. பார்த்தேன், ஒரு தாளில் எழுதினேன், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், சட்டை துவைக்கப் போயிற்று. கை பட்டுத்தான் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழாவது புள்ளி. இனிமேல் மெதுவாகத்தான் வரும். இந்தத் தடவை, நீண்ட சோதனைக்காக இந்த வில்லையை வைத்தபோது, திருகை மூன்று முறை முடுக்கினேன், முடுக்கிவிட்டு மேடத்தையே கூப்பிட்டுக் காட்டினேன், மேடம் சிரித்தார்கள், என்ன சார் இவ்வளவு ஜாக்கிரதை என்றார்கள். முதல் நாள் கடத்துதிறன் போன தடவையைவிட ரொம்ப அதிகமாக வந்தது. இந்த பேட்ச் இன்னும் நல்லா வந்திருக்கு சார் என்று சந்தோஷப்பட்டார்கள், ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தேன், எழுபத்தெட்டு டிகிரிக்கு எவ்வளவு வித்தியாசம் வரும் என்று, தசமம் வரைக்கும் பொருந்தியது. கை பட்டு நகரவில்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது, ஜூன் மாசக் கடைசி, அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் இறங்கினால்தானே தப்பு, இறங்காமலும் போகலாம் இல்லையா, சரியான சூட்டிலும் மேடத்தின் வில்லை நின்றுகாட்டினால் இரண்டு விரற்கடைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும், பார்த்துவிட்டுச் சொல்லுவோம் என்று இருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தினமும் ஒரு எள் அளவு நகர்ந்தது.

மேடத்தின் வில்லையை நம்பி அந்தக் கோயம்புத்தூர் கம்பெனி செய்த மின்சாரப் பெட்டியை ஒரு மலை ஆஸ்பத்திரியில் வைக்க நான்தான் கூடப் போனேன். பிப்ரவரியில், கம்பெனி லாரிக்குப் பின்னால் ஜீப்பில், இருபத்தேழு வளைவு, மேலே போனதும் காது அடைத்துக்கொண்டது. பீரோ அளவில் ஒரு பெட்டி, உள்ளே இதே வில்லையைத் தகடாக இழைத்து அறுபது தகடு அடுக்கியிருக்கிறார்கள், சிலிண்டர் வாயுவில் ஓடும், சத்தமில்லை, புகையில்லை. மலையில் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் கரண்டு இருக்காது, பிறந்த குழந்தைகள் வார்டுக்கு அதனால்தான் இது. வார்டு பொறுப்பு சிஸ்டர் லூர்தம்மாள், ஐம்பது வயசு இருக்கும், ஆண்பிள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார், எங்களுக்கு முட்டை பொரித்துச் சோறு போட்டார். சாப்பிட்டதும் வார்டுக்குள் கூட்டிப்போய் ஒரு குழந்தையைக் காட்டினார், வார்மர் விளக்குக்கு அடியில் உரித்த கோழிக்குஞ்சு மாதிரி, ஒரு கிலோவும் கொஞ்சமும், நெஞ்சு மட்டும் படபடவென்று ஏறி இறங்கியது. இதுக்குச் சூடு அரை மணி நேரம் நின்னாப் போதும் சார், நீலமாயிடும் என்றார், பயமுறுத்துகிற மாதிரி இல்லை, உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி. பிறகு கேட்டார், இந்தப் பெட்டியை நம்பலாமா. நான் என்ன சொல்லியிருக்கலாம். கம்பெனிக்காரர்களைக் கேளுங்க என்று சொல்லியிருக்கலாம், நான் வெறும் டெக்னிகல் ஆபீசர் என்று சொல்லியிருக்கலாம். நம்பலாம் சிஸ்டர், நானே ஐந்நூறு மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன் என்றேன். அந்த வார்த்தைகூட எனக்கு அப்போது பொய்யாகத் தோன்றவில்லை, உட்கார்ந்து பார்த்தேன்தானே. செப்டம்பரில் ஒரு நாள் போன் செய்தார். சார், சிலிண்டர் முன்னால எல்லாம் ஒன்பது நாள் வரும், இப்போ ஏழுதான் வருது என்றார். தகடுகள் கடத்த மறுத்தால் பெட்டி அதே கரண்டைக் கொடுக்க அதிக வாயுவைக் குடிக்கும், எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். வால்வு எங்கயாவது ஒழுகுதான்னு சோப்புத் தண்ணி போட்டுப் பாருங்க சிஸ்டர் என்றேன். சரி சார் என்றார். பார்த்திருப்பார். குமிழி வந்திருக்காது.

என்னைப் பிடித்து ஆட்டுவது இது இல்லை, இன்னொன்று, காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. இந்த வில்லைக்கு வயசு இரண்டாயிரத்து அறுநூறு மணி. மலையில் இருப்பதற்கு எத்தனை. அதை அணைக்கவே கூடாது, ஆறினால் தகடு விரிசல் விடும், கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணூற்றைம்பதிலேயே கிடக்கும், சூட்டில் கிடக்கிற ஒவ்வொரு மணியும் அதற்கு வயசுதான். பிப்ரவரியிலிருந்து எட்டு மாசம், ஐயாயிரத்து எண்ணூறு மணி. நாங்கள் இங்கே பயந்து பயந்து பார்ப்பது அதன் பழைய கதை. இங்கே மூன்றில் ஒரு பங்கு போனது அங்கே ஜூன் மாசமே போயிருக்கும், அதற்கு மேல் எவ்வளவு போயிற்று என்று காட்ட எங்களிடம் வில்லை இல்லை. கடத்த முடியாமல் வீணாகிற கரண்டு எங்கே போகும், சூடாகத்தான் போகும், தகட்டுக்குள்ளேயே சூடு ஏறும், ஓரத்தில் கண்ணாடி மாதிரிப் பூசியிருக்கிற அடைப்பு இளகும், வாயு ஒழுகினால் பெட்டி தானாக அணைந்துகொள்ளும், அதற்கு முன்னால் மணி அடிக்காது, விளக்கு எரியாது. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம், எழுந்தால் புள்ளி விழுவதைப் பார்க்க முடியாது, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் விழத்தான் போகிறது. நாற்பத்தொன்று. மேடு ஆரம்பிக்கிறது. ஏறு. இன்னும் ஏறு. எட்டு மாசத்தில் ரிட்டயர்மென்ட், காளீஸ்வரி மதுரையில் வீடு பார்க்கலாம் என்கிறாள், இவ்வளவு காலம் இருந்துவிட்டு ஒரு திருகுக்காகப் பெயர் கெட்டுப் போக வேண்டுமா, மேடம் இந்த வில்லையைப் பற்றி எழுதின ஆராய்ச்சிப் பேப்பரைத் திரும்ப வாங்கவேண்டி வரும், கை தட்டினவர்கள் எல்லாம் சிரிப்பார்கள், ஏறு, சனியனே, வீங்கு. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு வருவதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, உலை ஒரு தடவை கிளிக்கென்று அணைந்து மறுபடி போட்டுக்கொள்கிறது. மேடு ஏறவில்லை. வளைகிறது. முதல் நாள் எப்படி வளைந்ததோ அதே உயரத்தில் அப்படியே வளைந்து இறங்குகிறது, பழைய படத்தை எடுத்து மேலே வைத்தால் முடி அளவு வித்தியாசம் இருக்காது. பூச்சு நன்றாக இருக்கிறது. என் பூச்சு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

கதவு திறந்தது, குடையை மடக்கிக்கொண்டே மேடம் வந்தார்கள். "என்ன சார் காட்டுது?" என்றார்கள். நான் நகர்ந்து திரையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "பேஸ்ட் இல்லை" என்றார்கள். "இல்லை மேடம்." "அப்போ ஏன் சார்? அந்த ஐந்நூறு மணி நேரத்துல ஒரு சொட்டுகூட இறங்கலையே. ஒரே பொடி, ஒரே சூடு." ஒரே சூடு என்ற வார்த்தை அறையில் நின்றது. நான் அப்போது சொன்னேன், எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, "ஒரே சூடு இல்லை மேடம், ராடு வெளியே வந்திருந்துச்சு" என்றேன், இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினேன், ஞாயிற்றுக்கிழமை, எழுபத்தெட்டு டிகிரி, ஸ்பேனர், போன், எல்லாம் கலைந்து கலைந்து வந்தது. குடையிலிருந்து தண்ணீர் தரையில் வட்டமாகப் பரவியது. "அந்த ஆரம்பக் குறைவு" என்றார்கள் கடைசியில், "அதுக்கு நான் நாலு பக்கம் விளக்கம் எழுதினேன். நீங்க அன்னைக்கு ஹால்ல இருந்தீங்க." "இருந்தேன் மேடம்." "கை தட்டினீங்க." அடிப்பார்கள் என்றுகூட நினைத்தேன், அடித்தால் தேவலை. அவர்கள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நெற்றியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, எனக்குக் கேட்காத குரலில் ஏதோ கணக்குப் போட்டார்கள். காலையில் நான் போட்ட கணக்குதான் என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது, எட்டு மாசம், இருபத்துநாலு, பிறகு உதடு நின்றது. "மலைக்குப் போன் போடுங்க" என்றார்கள். "இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்க."

நாலு தடவை போகவில்லை. ஐந்தாவதில் சிஸ்டர் எடுத்தார், பின்னால் மழை தகரத்தில் விழுகிற சத்தம். "சொல்லுங்க சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார். "திங்கக்கிழமையில இருந்து லைன் இல்லை, மரம் விழுந்து கம்பி அறுந்து கிடக்கு. முழு வார்டும் உங்க பெட்டியிலதான் ஓடுது. அது இல்லைன்னா என்ன ஆயிருக்கும்னு டாக்டர்கிட்ட இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன்." மேடம் போனுக்குக் குனிந்து, "சிஸ்டர், உங்க பழைய டீசல் ஜெனரேட்டரை உடனே ஓட விடுங்க" என்றார்கள். "அது இங்க இல்லைங்களே. போன மாசம் கீழ் ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பிட்டோம். இதுதான் இருக்குதேன்னு." மேடம் என்னைப் பார்த்தார்கள். நான் பேச வேண்டிய இடம் என்று தெரிந்தது. "சிஸ்டர், நம்பலாம்னு நான் சொன்னேன் இல்லையா, அது தப்பு. அந்தப் பெட்டி எந்த நேரமும் நின்னுடும். சொல்லாம நின்னுடும்" என்றேன். "எந்த நேரமும்னா" என்றார், பிறகு அதை விட்டுவிட்டார், அந்தக் குரல் மாறியது, விறுவிறுவென்று நடக்கிறவரின் குரல், "நான் என்ன செய்யணும் சார்?" "பாரத்தைக் குறைக்கணும், எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. குறைச்சா கொஞ்சம் தாங்கும்." "லைட்டு, ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார் எல்லாம் நிறுத்திடறேன். மிச்சம் வார்மரும் ஆக்ஸிஜன் மெஷினும்தான். ரெண்டு குழந்தை ஆக்ஸிஜன்ல இருக்கு, அதை நிறுத்த முடியாது." அவரே சொல்லிக்கொண்டே போனார். "வார்மரை நிறுத்திடறேன். குழந்தைங்க ஏழு பேரு. அம்மாக்கள் நெஞ்சோட வச்சுக் கட்டிடுவோம், மேல கம்பளி போட்டுக்கலாம். நீங்க வர்றீங்களா?" "கிளம்பிட்டோம் சிஸ்டர், ஜெனரேட்டரோட வர்றோம்" என்றார்கள் மேடம், கையில் ஜீப் சாவி, டிரைவரைக்கூட எதிர்பார்க்கவில்லை. பாதை திறந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சிஸ்டர் போனை வைக்கவும் இல்லை, எங்கோ மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், ஸ்விட்சுகள் ஒவ்வொன்றாக அணைகிற சத்தம் வந்தது, டக், டக், செருப்புச் சத்தம் வந்தது, பிறகு அவர் வராந்தாவில் நின்று தாய்மார்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது, பதறாமல், ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி, சடைச்சி, வா, வெள்ளையம்மா, நீயும் வா, மஞ்சு, பொன்னி, ராக்கி, உன் சேலையை நல்லா இறுக்கிக் கட்டு, தவமணி. மேடம் கதவில் நின்று, "வாங்க சார்" என்றார்கள். நான் போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு பெயர் கேட்டேன். ஏழாவது பெயருக்கு முன்னால் லைன் போய்விட்டது.